வஜ்ரவல்லியின் ஆத்துக்காரர்

வஜ்ரவல்லி செத்துப்போனாள் என்ற செய்தியை ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. அவள் ஏற்கெனவே மூன்று முறை செத்தவள். முதல் தடவை காவிரி வெள்ளத்தில் போனாள். நாற்பது நாள் கழித்து ஒரு மீனவர் குடிசையிலிருந்து திரும்பி வந்தாள். இரண்டாம் தடவை மலைப்பாதையில் கார் உருண்டு எரிந்தது. எரிந்தது வேறு யாரோ. மூன்றாம் தடவை பாயசத்தில் விஷம். குடித்தது அவளுடைய இரட்டைச் சகோதரி. ஏழு வருஷம், ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் எபிசோடு ஓடிய 'கோலமிட்ட வாசல்' தொடரில் மாமியார் வஜ்ரவல்லியைச் சாகடிக்க வழி தெரியாமல் கடைசியில் தொடரையே முடித்துவிட்டார்கள்.

இந்தத் தடவை போனது வஜ்ரவல்லியாக நடித்த கோதைநாயகி. வயது அறுபத்து நாலு. ஸ்ரீரங்கம் கிழக்கு உத்தர வீதி வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஃபில்டரில் வெந்நீரை ஊற்றிவிட்டு, "ஏன்னா, ஒரு மாதிரியா இருக்கு" என்று முக்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்தபோது டிகாக்ஷன் முழுதாக இறங்கியிருக்கவில்லை.

அவளுடைய கணவர் ராஜகோபாலன் அறுபத்தொன்பது வயதுக்காரர். கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு சம்பளம் இல்லாமலே அதைத் தொடர்ந்தார். ரசத்தில், கோலத்தில், பஞ்சாங்கத்தில், பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் நிறுத்தும் கோணத்தில் எல்லாம் அவருக்கு ஒரு குறை கிடைக்கும். ஆனால் தன் மனைவி நடித்த தொடரில் மட்டும் அவர் ஒரு குறையும் கண்டதில்லை. அவர் அதைப் பார்த்ததே இல்லை.

தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்ற நாடகங்களில் கோதை இருபது வருஷம் நடித்தாள். அதில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் ஐம்பத்தாறாவது வயதில் சென்னையிலிருந்து ஒரு டைரக்டர் கூப்பிட்டபோது, "டிவியில மூஞ்சி காட்டறதுக்குப் பேரு வேலையா?" என்று கேட்டார். "நான் பார்க்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். "சரி, பார்க்காதீங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் பெட்டி கட்டினாள்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். மாதம் இரண்டு தடவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயில் ஏற்றிவிடுவார். திரும்பி வந்தால் அழைத்து வருவார். இடையில் என்ன நடந்தது என்று கேட்க மாட்டார். சாயங்காலம் ஏழரை மணிக்குத் தொடர் வரும். அந்த அரை மணி நேரம் ஸ்ரீரங்கத்தில் டிவி சத்தம் கேட்காத இடம் கோயில் ஒன்றுதான். எனவே ஏழே காலுக்கே கிளம்பி ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். ஏழு வருஷம் ஒருநாள் விடாமல் போனதால் அவருக்குப் பரம பக்தர் என்று பெயர் வந்தது. பெருமாளுக்கு உண்மை தெரிந்திருக்கும்.

அன்று காலை பத்து மணிக்குள் கிழக்கு உத்தர வீதி நிறைந்துவிட்டது. உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். மற்றவர்கள் எல்லாம் யார் யாரோ. லால்குடியிலிருந்து இரண்டு வேன் வந்தது. ஒரு பெண் நேராக உள்ளே வந்து, கோதையின் கால் கட்டை விரலைக் கிள்ளிப் பார்த்தாள்.

"என்னம்மா பண்றே?" என்று ராஜகோபாலன் பதறினார்.

"இல்லீங்க, உறுதிப்படுத்திக்கலாம்னுதான்" என்றாள் அவள். திரும்பி வாசலைப் பார்த்து, "நெசம்தான்டி" என்றாள். வாசலில் ஓவென்று அழுகை கிளம்பியது.

இன்னொருத்தி தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, அந்தத் துளசியை என்ன பாடுபடுத்தின! நிறைமாசத்துல கிணத்துல தண்ணி எறைக்க வச்சியே, உனக்கு ஏன்டி இப்படி ஆச்சு?" திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள்.

"இவ எந்தத் துளசியையும் பாடு படுத்தலை" என்றார் ராஜகோபாலன். "எங்காத்துத் துளசிக்கு இவதான் தினமும் தண்ணி ஊத்துவா."

துளசி தொடரில் வந்த மருமகள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பெண்டாட்டி போன துக்கத்தில் பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்து, அவருக்காகவும் சேர்த்துக் கொஞ்சம் அழுதாள்.

காரியம் செய்து வைக்க வந்த வாத்தியார் காதோடு சொன்னார்: "மாமி பரமபதிச்சது பெரிய நஷ்டம். அடியேன் க்ருஹத்துல ராத்திரி தளிகையே மாமியைச் சேவிச்சப்புறம்தான்."

"எங்கே சேவிச்சேள்?"

"டிவியிலதான் சுவாமி."

பெங்களூரிலிருந்து மகள் கமலினி வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. கூட்டத்தை விலக்கி உள்ளே வருவதற்கே அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. யாரோ ஒருத்தி அவளிடம், "நீதான் துளசியா?" என்று கேட்டாளாம்.

பதின்மூன்று நாள் முடிந்த மறுநாள் காலை ராஜகோபாலன் மாம்பழச் சாலைக்கு வாழைக்காய் வாங்கப் போனார். அங்கே அந்த பேனரைப் பார்த்தார். பத்தடி உயரத்தில் கோதை நின்றாள். அவர் ஒருநாளும் பார்த்திராத கோதை. மாதுளைச் சிவப்பில் பட்டு, நெற்றியில் எட்டணா அகலத்துக்குப் பொட்டு, ஏறி நின்ற இடது புருவம். மேலே எழுத்து:

எமலோகத்தையே ஆட்டிப் படைக்கப் போய்விட்ட எங்கள் வஜ்ரவல்லிக்குக் கண்ணீர் அஞ்சலி! லால்குடி, பூவாளூர் ரசிகப் பெருமக்கள்.

கீழே மூலையில், பேனர் அடித்த கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் 'கோதநாயகி' என்று இருந்தது. 'தை' இல்லை. வெறும் 'த'.

எமலோகத்தைக்கூட அவர் மன்னித்திருப்பார். எழுத்துப் பிழையை மன்னிக்க அவரால் முடியாது. வாழைக்காய் வாங்காமல் நேரே வீட்டுக்கு வந்து, கமலினியைக் கூட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் தென்னூரில் இருந்த அந்த பேனர் கடைக்குப் போனார்.

கடைக்காரர் இன்னாசிராஜ் தடித்த, சாதுவான மனிதர். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் செய்துகொண்டிருந்த பெண்ணின் பெயர் ஹஃப்ஸா. ராஜகோபாலன் போனில் எடுத்த படத்தை நீட்டினார்.

"இதுக்குப் பேரு பேனரா?"

ஹஃப்ஸா கையிலிருந்த மவுஸை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"செத்துப்போனவ பேரைக்கூடச் சரியா எழுதத் தெரியலை. 'தை' எங்கே? கோதைநாயகி! ஆண்டாளோட பேரு. அதைப் போய்க் கோத, கோத்தன்னு எழுதினா? யாரு இதைச் சரிபார்த்தது? யாருமே பார்க்கலை, இல்லையா?" பேசிக்கொண்டே அவர் கவுண்டர் மேல் விரலை ஒரு இழுப்பு இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஒட்டியிருந்த தூசியை ஃபூ என்று ஊதினார்.

இன்னாசிராஜ் வாயைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஹஃப்ஸா எழுந்தே விட்டாள்.

"சார், சார், இன்னொரு தடவை செய்ங்க! ஒரே ஒரு தடவை. அப்படியே வஜ்ரவல்லி சார்!"

"என்னம்மா கேலியா? நான் அவளோட ஆத்துக்காரர்."

இன்னாசிராஜின் சிரிப்பு பட்டென்று நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டார்; டீ சொல்லி அனுப்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரே வீட்ல இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க, அம்மாகிட்டேர்ந்து உங்களுக்கும் ஒட்டிக்கிச்சு போல. என் சம்சாரம் ரோசரிகூட என்கிட்ட அப்படித்தான் விரலைத் தேச்சு ஊதுவா. ஊர்ல எல்லா வீட்லயும் இப்ப இதுதான்."

ராஜகோபாலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கமலினியைப் பார்த்தார். கமலினி சுவரில் மாட்டியிருந்த காது குத்து பேனரை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

பேனருக்கு ஆர்டர் கொடுத்தது லால்குடி ராசாத்தி என்று தெரிந்தது. மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி. அங்கிருந்தே அவளுக்குப் போன் போட்டார்கள். ராஜகோபாலன் திட்டுவதற்கு வாயைத் திறக்குமுன், அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை லால்குடியில் நினைவுக் கூட்டம். அம்மாவின் வீட்டுக்காரரே வந்தால் அதைவிடப் பெருமை வேறென்ன. பேரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்கிறேன். கட்டாயம் வாங்க, குடும்பத்தோட வாங்க என்றாள்.

வருவதாக அவர் ஒப்புக்கொண்டார். பெருமைக்காக இல்லை. இந்த ஜனங்களிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. கோதை ஒருவரிடமும் உரக்கப் பேசாதவள். திருப்பாவை முப்பதும் தலைகீழாகத் தெரிந்தவள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்குக்கூட முதல் காப்பியைக் கொடுத்துவிட்டுத்தான் தான் குடிப்பாள். மூன்று நாள் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். நாலு இடத்தில் திருத்தினார்.

லால்குடி கல்யாண மண்டபத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். ராசாத்திக்கு ஐம்பது வயது இருக்கும். வயல் வேலையில் கறுத்து உறுதியான கை. அந்தக் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசைக்கு அழைத்துப் போனாள். மேடையில் புது பேனர். 'கோதைநாயகி' என்பது சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேல், மூன்று மடங்கு பெரிதாக, 'வஜ்ரவல்லி' இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே 'வஜ்ரவல்லி போல் நடிக்கும் மாபெரும் போட்டி. முதல் பரிசு எவர்சில்வர் குடம்.'

"நினைவுக் கூட்டத்துல போட்டியா?" என்றார் ராஜகோபாலன்.

"அம்மாவை அழுதுகிட்டு நெனைக்கிறது எப்படிங்க? நடிச்சுக் காட்டினாத்தானே கண்ணு முன்னாடி வருவாங்க" என்றாள் ராசாத்தி.

முதலில் விளக்கை அணைத்துத் திரையில் சில காட்சிகளைப் போட்டார்கள். ராஜகோபாலன் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். போக வழியில்லை. ஏழு வருஷம் கோயிலில் ஒளிந்து காப்பாற்றிய சபதம் லால்குடி கல்யாண மண்டபத்தில் மாட்டிக்கொண்டது.

திரையில் ஒரு பெரிய வீடு. மருமகள் துளசி ஒரு டம்ளர் காப்பியை நடுங்கும் கையால் நீட்டுகிறாள். வஜ்ரவல்லி வாங்கவில்லை. டம்ளரைத் தூரத்திலிருந்து மோந்து பார்க்கிறாள். தொண்டையை ஒருமுறை செருமுகிறாள்.

"இதுக்குப் பேரு காப்பியா?"

மண்டபம் முழுக்க அவளோடு சேர்ந்து சொன்னது.

அடுத்து வஜ்ரவல்லி ஜன்னல் கட்டையில் விரலை இழுக்கிறாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். ஊதுகிறாள். கைதட்டல். அடுத்து செய்தித்தாளை நாலாக, எட்டாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, முன்பக்கம் லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். விசில் பறந்தது.

ராஜகோபாலன் அசையவில்லை. திரையில் நின்றது மனைவி இல்லை. மாதுளைச் சிவப்புப் பட்டுக் கட்டிக்கொண்டு, எட்டணாப் பொட்டு வைத்துக்கொண்டு, ராஜகோபாலன் நின்றுகொண்டிருந்தார். அவருடைய செருமல். அவருடைய நடை. அவருடைய தினசரி. இருபத்தைந்து வயதில் தொழிற்சாலையில் பழகிக்கொண்டு, பிறகு தன்னிடம் இருப்பதே தெரியாமல் போன அந்த விரல். தமிழ்நாடே ஏழு வருஷமாகச் சபித்த கொடுமைக்காரி யார் என்று அந்த மண்டபத்தில் தெரியாமல் இருந்தவர் அதுவரை அவர் ஒருவர்தான்.

கடைசியாக ஒரு யூடியூப் பேட்டி. இதில் கோதை பருத்திப் புடவையில் இருந்தாள். பேட்டி எடுத்த பெண், "இவ்வளவு கொடுமைக்காரியை எங்கேருந்து மேடம் பிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"கொடுமைக்காரின்னு யார் சொன்னா? வஜ்ரவல்லிக்கு எல்லாம் சரியா இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள் கோதை. "எங்காத்துலயே ஒருத்தர் இருக்கார். வெள்ளைச் சட்டை போட்ட வஜ்ரவல்லி."

"ஐயையோ! அவர் பார்த்தா கோவிச்சுக்க மாட்டாரா?"

"பார்த்தாத்தானே! லோகத்துல எல்லாத்துலயும் குறை கண்டுபிடிச்சிருக்கார். என் நடிப்புல மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுகூடச் சொன்னதில்லை." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். நாற்பது வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

விளக்கு எரிந்தது. "இப்போது அம்மாவின் கணவர் பேசுவார்" என்று அறிவித்தார்கள். மேடையேறிய ராஜகோபாலன் சட்டைப் பையிலிருந்து இரண்டு பக்கத்தை எடுத்து மைக் அருகே போனார். மைக் கீச்சென்று கத்தியது. அவர் ஒரு அடி பின்வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"இதுக்குப் பேரு மைக்கா?"

மண்டபம் இடிந்து விழுந்ததுபோல் ஒரு சத்தம். சிலர் நாற்காலி மேலேறி நின்று கைதட்டினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட வஜ்ரவல்லி நேரில் வந்துவிட்டார். ராஜகோபாலன் கோபத்தோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்பக்கம் சாய்ந்து, மேடையை விட்டு இறங்கினார். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவர் எதைச் செய்தாலும் அவளைப் போலவே இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் இல்லை. நீள மேஜைகளில் இலை மட்டும் போட்டிருந்தது. மூலையில் போய் உட்கார்ந்தார். கமலினி பின்னாலேயே வந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அப்பா, நம்ம தெருவுல பால் ஊத்தறவருக்கே தெரியும்."

"ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே."

"அம்மா சொல்லப்படாதுன்னுட்டா. 'பார்த்தா அவருக்கே தெரியும், பார்க்கலேன்னா தெரிஞ்சு என்ன ஆகப்போறது'ன்னா."

"அவ்வளவு கோபமா அவளுக்கு? நாற்பது வருஷம் கூட இருந்துட்டு, ஊர்பூரா என்னை இப்படி..."

அப்போது ராசாத்தி கையில் ஒரு டம்ளர் மோரோடு வந்தாள். பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க சார், ஒண்ணு சொல்றேன். எங்க மாமியார் இருக்காங்களே, இருபது வருஷம் என்னைத் திட்டாத நாள் கெடையாது. குழம்பு சரியில்ல, வாசல் தெளிச்சது சரியில்ல, நான் மூச்சு விடுறது சரியில்ல. தெனமும் அழுவேன். அப்புறம் இந்த சீரியல் வந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் உக்காந்து பாப்போம். அவங்கதான் வஜ்ரவல்லியை அதிகமாத் திட்டுவாங்க. 'இப்படியும் ஒரு பொம்பளை உண்டா'ம்பாங்க. நான் ஒண்ணும் பேசாம அவங்க மூஞ்சியப் பாப்பேன். ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாளு அவங்களுக்கே பொறி தட்டிருச்சு. 'என்னடி, என்னையா பாக்குற?'ன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம் பாருங்க, எங்க வீட்டுக்காரர் பிச்சமுத்து பேய் புடிச்சிருச்சுன்னு பயந்துட்டாரு."

"அப்புறம் திட்டறதை நிறுத்திட்டாளா?"

"யாரு, அவங்களா? நல்லாத் திட்டுவாங்க. ஆனா புருவத்தைத் தூக்கிக்கிட்டுத் திட்டுவாங்க. எனக்குச் சிரிப்பு வந்துரும். அவங்களுக்கும் வந்துரும். அதுக்கப்புறம் அந்தத் திட்டு என் மேல ஒட்டாது." மோரை அவர் பக்கம் நகர்த்தினாள். "அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கோவத்தை வச்சுக்கிட்டு ஏழு வருஷம் நடிக்க முடியுமா சார்?"

"அவ எம் முன்னாடி ஒருநாள்கூடச் சிரிச்சதில்லையே."

"முன்னாடி எப்படிச் சிரிப்பாங்க? மெட்ராஸ் போய்ச் சிரிச்சுட்டு வந்திருப்பாங்க."

ராஜகோபாலன் மோரைக் குடித்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். எதிரில் இருந்த இலை மேல் விரலை ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு, "நடுவிரல்" என்றார்.

"என்னப்பா?"

"அவ நடுவிரலால தொட்டா, பார்த்தியா? ஆள்காட்டி விரல்ல எப்பவும் கிரீஸ் இருக்கும், அதனால நடுவிரலாலதான் தடவணும். என் கீழே வேலை கத்துக்க வந்தவா எத்தனையோ பேர். ஒருத்தனுக்கும் அது கண்ணுல படலை. ஒவ்வொருத்தனும் ஆள்காட்டி விரலைத்தான் நீட்டுவான். இவ ஃபேக்டரி வாசலைக்கூட மிதிச்சதில்லை. வெறுமனே சமையல்கட்டுலேர்ந்து பார்த்திருக்கா."

மேடையில் போட்டி ஆரம்பித்துவிட்ட சத்தம் கேட்டது. ராசாத்தி எழுந்தாள். நடுவராக வர வேண்டிய தலைமையாசிரியருக்குக் காய்ச்சல். யாரை உட்கார வைப்பது என்று தெரியவில்லை என்றாள். சொல்லிவிட்டு அவரையே பார்த்தாள்.

தரம் பார்க்கும் வேலை என்றால் ராஜகோபாலனால் மறுக்க முடியாது. ஒரு பேனாவும் வெள்ளைத் தாளும் கேட்டார்.

லால்குடியில் இப்படி ஒரு நடுவரை யாரும் பார்த்ததில்லை. மினி பஸ் கண்டக்டர் நவநீதன் துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு வந்து புருவத்தை ஏற்றினான். "அது வலது புருவம். இடதுதான் ஏறணும். அடுத்தவா" என்றார். ஏழாம் வகுப்பு கனிஷ்கா விரலை இழுத்து ஊதினாள். அவளை நிறுத்தி, மேடையேறி, மேஜை மேல் நடுவிரலை வைத்து எப்படி இழுக்க வேண்டும், எந்தச் சாய்வில் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும், ஊதுமுன் எத்தனை நொடி பார்க்க வேண்டும் என்று செய்து காட்டினார். கனிஷ்கா அப்படியே செய்தாள். ஜனம் ஆர்ப்பரித்தது. அவருக்கு ஆர்ப்பரிப்பு காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தாளில் எதையோ குறித்துக்கொண்டார். எட்டுப் பேரை அப்படி வறுத்தெடுத்தார்.

ஒன்பதாவதாக மருதை என்று ஒருவர் வந்தார். அறுபது வயது, பெரிய மீசை, களத்திலிருந்து நேராக வந்த வேட்டி. மேடையில் ஏறியதும் அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. வசனம் வரவில்லை. கையும் எழவில்லை. மேடை நடுவில் நின்றுகொண்டு, எதிரில் இருந்த நடுவரை வெறுமனே பார்த்தார். ஒரு நிமிஷம் போல அப்படியே பார்த்தார். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. மருதை கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

குடம் அவருக்குத்தான் என்று ராஜகோபாலன் அறிவித்தார்.

"அவர் ஒண்ணுமே செய்யலையே சார்!" என்று கண்டக்டர் நவநீதன் சண்டைக்கு வந்தான்.

"ஆமாம். ஒண்ணும் பண்ணலை. நின்னு பார்த்தார். நீங்கள்லாம் டிவியில வந்தவ மாதிரி பண்ணினேள். அதுக்கு நானே போதும். இவர் எங்காத்துல இருந்தவ மாதிரி பண்ணினார்." மேலே ஏதோ சொல்ல நினைத்தார். செருமினார். செருமியதற்கும் கைதட்டினார்கள். இந்தத் தடவை அவருக்குக் கோபம் வரவில்லை. மீசைக்கார மருதை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்.

நாலரை மணி பஸ்ஸில் அப்பாவும் மகளும் திரும்பினார்கள். இரண்டு பக்கப் பேச்சு சட்டைப் பையிலேயே கசங்கியிருந்தது. சாப்பிட்ட மயக்கத்தில் கமலினி கண்ணை மூடினாள். ராஜகோபாலன் அவள் தோளைத் தொட்டார்.

"அது உன் போன்ல வருமா?"

"எது?"

"அவளோடது. முதல்லேர்ந்து."

கமலினி முதல் எபிசோடைத் தேடி எடுத்து, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாண வீடு, நாதஸ்வரம், யார் யாரோ வந்து யார் யாரையோ முறைத்தார்கள். பத்து நிமிஷம் ஆகியும் வஜ்ரவல்லி வரவில்லை. டோல்கேட் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறியபோது, மாடிப்படியில் ஒரு பட்டுப் புடவைக் கரை தெரிந்தது. அவள் இறங்கி வந்தாள். நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் சிக்னல் போய்ப் படம் உறைந்துவிட்டது.

ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, வாய் கோணி நின்றாள். உலகத்தில் எந்த மனைவியையும் அப்படிப் படம் பிடிக்கக் கூடாது. ராஜகோபாலன் போனைத் தட்டவில்லை, ஆட்டவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்துக்குக் கீழே மணல்தான் அதிகம், தண்ணீர் ஒரு ஓரமாகப் போயிற்று.

முன் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஐயா, நம்ம வஜ்ரவல்லிங்களா? பாவம், போயிட்டாங்க. நெட் இல்லையா? ஹாட்ஸ்பாட் போட்டுத் தரவா?"

"போட்டுக் குடுங்கோ" என்றார் ராஜகோபாலன்.

சுற்றிக்கொண்டிருந்த வட்டம் மறைந்தது. கோதையின் வாய் அசைந்தது. பின் சீட்டிலிருந்து கறிவேப்பிலைக் கட்டோடு ஒரு பெண் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் சத்தமா வைங்க சார், எங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள்.

ராஜகோபாலன் சத்தத்தைக் கூட்டி, போனை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.